இரண்டு வளைகோடுகளில் ஒரே பள்ளம்

மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரையின் நான்காம் பக்கத்தில் பேராசிரியையின் கண் நின்றது. நின்றது நின்றதுதான், அப்புறம் ஐந்தாம் பக்கத்துக்குப் போகவே இல்லை. அங்கே ஒரு வளைகோடு. ஏறக்குறைய நேராகப் போய், அறுநூற்று நாற்பத்தொன்று கிகாஹெர்ட்ஸில் பொசுக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பள்ளத்தின் இடது கரை செங்குத்து, வலது கரை கொஞ்சம் சாய்வு, அடியில் ஒரு குட்டி மேடு. பெற்ற பிள்ளையின் மச்சத்தை அடையாளம் காணத் தாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கும் அவ்வளவுதான் ஆயிற்று. அது அவளுடைய பள்ளம்.

அவள் செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்துப் போயிருந்தது. மைக்ரோவேவ் என்று தொடங்கினாலே, "எங்க வீட்டு அடுப்பு சூடாகவே மாட்டேங்குது, ஒரு நாள் வந்து பாரேன்" என்பார்கள். டெராஹெர்ட்ஸ் என்று சொல்லிவிட்டால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். மைக்ரோவேவுக்கு மேலே, வெளிச்சத்துக்குக் கீழே, நடுவில் கிடக்கும் அலைகள் அவை. அவற்றை உண்டாக்குவதும் கஷ்டம், பிடிப்பதும் கஷ்டம். அந்த அலைகளை ஒழுங்காக அளக்கத் தெரிந்தவர்கள் என்று உலகத்தில் ஒரு பத்துப் பன்னிரண்டு பேரை விரல்விட்டுச் சொல்வார்கள். அதில் ஒரு விரல் அவள். இன்னொரு விரல் அவள் கணவன்.

இருவருக்கும் வீடு ஒன்று, வேலையிடம் வேறு. நகரத்தின் இந்த முனையில் அவள் ஆய்வுக்கூடம், அந்த முனையில் அவனுடையது. கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் 'நீங்க' வரும். அவள் வாயிலிருந்து மரியாதை வந்தால் அவன் அறையை விட்டே நகர்ந்துவிடுவான். கல்யாணமான புதிதில் ஓர் ஒப்பந்தமும் போட்டிருந்தார்கள். கட்டுரை அச்சில் வரும்வரை யாரும் எண்களை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. போட்டிக் கூடங்களில் வேலை பார்க்கிற இரண்டு பேர் ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார வேண்டுமானால் வேறு வழியில்லை.

அவளுடைய கண்டுபிடிப்பு ஒரு மெல்லிய கரிப் படலம். எல்லா அலைகளையும் போகவிட்டு, அறுநூற்று நாற்பத்தொன்றில் மட்டும் வாயைத் திறந்து விழுங்கிக்கொள்ளும். ஒன்றரை வருடம் ஒன்றுமே காட்டாமல் அழிச்சாட்டியம் செய்த படலம், நான்கு மாதத்துக்கு முன் திடீரென்று இந்தப் பள்ளத்தைக் காட்டியது. அன்று அவள் ஆய்வுக்கூடத்தில் குதித்தே விட்டாள். கட்டுரை எழுதி அனுப்பி, ஏற்றுக்கொண்டோம் என்று போன வாரம்தான் பதில் வந்திருந்தது. அடுத்த மாதம் அச்சாகும். அதற்குள் இன்னொரு பத்திரிகை, இன்னொருவர் கட்டுரையை மதிப்பாய்வு செய்து தரச் சொல்லி அவளுக்கே அனுப்புகிறது, அதில் அதே பள்ளம்!

எழுதியவர் யார் என்று கட்டுரையில் இல்லை. இரண்டு பக்கமும் பெயரை மறைத்து நடக்கும் மதிப்பாய்வு அது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? படங்களில் எல்லாக் கோடுகளும் கறுப்பு. ஒன்று நீளக் கோடு, ஒன்று புள்ளிக் கோடு, ஒன்று கோடும் புள்ளியும். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன்தான் இந்தக் காலத்தில் இப்படி வரைவான். அப்படி ஒருவனுக்குப் பதினெட்டு வருடமாகக் காலுறையை ஜோடி சேர்த்துக் கொடுப்பவளே அவள்தான்.

எழுதியவர் தெரிந்தவர் என்று புரிந்த நிமிடமே கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதுதான் விதி. மற்றவர்களுக்கு அந்த விதியைப் பக்கம் பக்கமாகப் போதித்தவள் அவள். திருப்பி அனுப்பவில்லை.

அவன் படலம் வேறு, பீங்கான் வகை. அவளுடையது கரி. அந்த இடத்தில் எந்த மாணவனும் ஒரு கேள்வி கேட்டிருப்பான். இரண்டு வெவ்வேறு பொருள், எப்படி அச்சு மாறாமல் ஒரே பள்ளம்? அவளும் கேட்டாள். பதிலை ஆத்திரம் சொன்னது: உன் வளைகோட்டை எடுத்து, பொருளின் பெயரை மட்டும் மாற்றிவிட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஆத்திரக்காரிக்கும் அதே கதிதான்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அவள் அறைக்குள் நுழைந்தால் அவன் மடிக்கணினியை மூடினான். முன்பும் மூடுவான்தான், ஒப்பந்தம் அப்படி. ஆனால் இப்போது மூடும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. சாப்பிடும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் ஏதோ பாவம் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. "என்ன?" என்றால் "ஒண்ணுமில்ல." பதினெட்டு வருடத்தில் அவன் இத்தனை 'ஒண்ணுமில்ல' சொல்லி அவள் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் அவள் தன் மடிக்கணினியின் மூடி மேல் ஒரு தலைமுடியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் முடியைக் காணோம். ஆகா, கையும் களவுமாக என்று நினைத்தாள். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் காற்றின் ஈரப்பதத்தைக்கூடக் கணக்கில் சேர்ப்பவள், வீட்டு மின்விசிறியைச் சேர்க்கவில்லை. கடுகு போன இடம் ஆராய்கிறவர்களுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாதாம்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது நாத்தனார். அவனுடைய தங்கை, வழக்கறிஞர், இரண்டு தெரு தள்ளி அலுவலகம். புதன்கிழமை மத்தியானம் அவளே போன் செய்தாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"ஏன் கேக்கற?"

"நேத்து அண்ணன் ஆபீஸுக்கு வந்தான். வந்தவன் ஒரு மணி நேரம் சும்மாவே உக்காந்திருந்தான். கடைசியில, 'ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தரோடத இன்னொருத்தர் எடுத்தா அது திருட்டா?'ன்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் புரியல."

"நீ என்ன சொன்ன?"

"எடுத்தது என்னன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்னேன். எழுந்து போயிட்டான்."

மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்? இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் போனை வைத்தாள். கோபம் பாதி, அழுகை பாதி. திருடியதைக்கூடப் பொறுத்திருப்பாள். திருடிவிட்டு அது திருட்டா இல்லையா என்று சட்டம் கேட்கப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள். இந்த வளைகோடு திருடப்பட்டது, இன்னொரு பத்திரிகையில் ஏற்கப்பட்ட கட்டுரையில் இருப்பது, எழுதியவர் இன்னார் என்று கருதுகிறேன். பெயரையும் எழுதினாள். அந்த இன்னார் தன் கணவன் என்பதை மட்டும் எழுதவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, ஆறிய காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள்.

பதில் இரண்டு மணி நேரத்தில் வந்தது. மிகவும் பாரதூரமான புகார் என்பதால் எழுதியவரின் இயக்குநருக்கு உடனே தெரிவித்துவிட்டோம், திங்கட்கிழமை விசாரணை, தங்களிடம் உள்ள ஆதாரத்தை அதற்குள் அனுப்புங்கள். ஆதாரம்! அவளிடம் ஒரு தலைமுடிகூட இல்லை.

யோசித்துப் பார்த்தாள். இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், தர அளவுக் கூடத்திலிருந்து இரவல் வாங்கும் பெட்டி. எந்த அளவீட்டுக்கு முன்னாலும் கருவிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதுதான் வெறும் வழி, இதுதான் அடைத்த வழி, இதுதான் இவ்வளவு நீளம் என்று தெரிந்த துண்டுகளைக் காட்டினால்தான் தெரியாததை அது சரியாக அளக்கும். அந்தத் துண்டுகள் நகரத்திலேயே ஒரு பெட்டிதான் இருந்தன. எல்லாரும் முறை வைத்து வாங்கிப் போவார்கள். பெட்டிக்குள் தன் நினைவு அட்டை எதையாவது மறந்து வைத்துத் தொலைத்தோமோ, அதை எடுத்துக்கொண்டானோ என்று அவளுக்கு ஓடியது.

பெட்டியைக் காப்பவரை எல்லாரும் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர், கையுறை இல்லாமல் கதவுப் பிடியைக்கூடத் தொடமாட்டார். அவள் கேட்டதும் குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே ஒவ்வொரு முறையும் அவன் வாங்கியிருந்தான். ஐந்து முறை!

"பாத்தீங்களா, ஒவ்வொரு தடவையும் எனக்கு அடுத்து அவர்தான்!" என்றாள்.

"ஆமா மேடம், நான்தான் அப்படிப் போட்டேன். ஒரே வீட்டு ஆளுங்க, சாயந்தரம் பேசிக்குவீங்க, எனக்கும் அலைச்சல் குறையும்னு." அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பெட்டிக்குள்ள நான் ஏதாவது விட்டுட்டுப் போனேனா?"

"பெட்டிக்குள்ளயா? துண்டுங்களைத் தவிர ஒரு தூசிகூட இருக்காது. நாலரை மாசம் முன்னாடி அந்த மெல்லிசுத் தகடு ஒரு தடவை கீழ விழுந்துச்சு. அப்பகூட நல்லாத் துடைச்சு, லென்ஸ்ல பாத்து, ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சப்புறம்தான் உள்ள வச்சேன்."

கதவுவரை போய்விட்ட அவள் திரும்பி வந்தாள்.

"எத்தனை மாசம்னு சொன்னீங்க?"

"நாலரை."

அந்தத் தகடு நகத்தை விட மெலிசு. நடுவில் ஓர் ஊசிமுனை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. 'இதுதான் இவ்வளவு நீளம்' என்று கருவிக்குச் சொல்லித் தரும் துண்டு அதுதான். அவள் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பெட்டிக்காரரின் லென்ஸில் தெரியாதது அதில் தெரிந்தது. ஓட்டையின் ஒரு மூலையில் உலோகம் பிசிறாக எழும்பி, வழியில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

இதை ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை? அங்கேதான் இந்தத் தொழில்காரர்களின் கோணல். பாடம் சொல்லிக் கொடுத்து முடித்ததும், சரியாக இருக்கிறதா என்று வெறும் வழியை ஒருமுறை அளந்து பார்ப்பது எல்லாருக்கும் வழக்கம். அது சுத்தமான நேர்க்கோடாகத்தான் வரும். வராமல் என்ன செய்யும்? அதைத்தானே சுத்தம் என்று கருவிக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம்! நடுவில் ஏதாவது ஒன்றை வைத்தால்தான் கருவியின் கோளாறு வெளியே வரும். வைத்தது படலம் என்றால், கோளாறையும் படலத்தின் தலையில்தான் கட்டுவோம்.

அவள் பெட்டிக்குச் சம்பந்தமில்லாத வேறொரு துண்டை எடுத்தாள். ஓர் அங்குல நீளத்துக்கு வெறும் உலோகக் குழாய், உள்ளே கரியும் இல்லை, பீங்கானும் இல்லை, காற்றுதான். இடையில் வைத்து, திருகுகளை அளவாக முறுக்கி, பொத்தானை அழுத்தினாள். திரையில் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. அறுநூற்று நாற்பத்தொன்றில் விழுந்தது. இடது கரை செங்குத்து, வலது கரை சாய்வு, அடியில் குட்டி மேடு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் திருடவில்லை. திருட அங்கே ஒன்றுமே இல்லை. கண்டுபிடிப்பு என்று அவள் குதித்த குதி, தரையில் விழுந்த ஒரு தகட்டின் காயத்துக்காக.

ஒரு நிமிடம், பொய் சொல்லக் கூடாது, இரண்டு நிமிடம் வேறு ஒரு யோசனையும் ஓடியது. தகட்டில் பிசிறு இருக்கிறது என்று பெட்டிக்காரரிடம் சாதாரணமாகச் சொன்னால் போதும். புதிய தகடு வந்துவிடும். அவள் கட்டுரை அடுத்த மாதம் அச்சாகும். யாராவது பள்ளத்தைத் தேடிப் பிடித்துக் கேட்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். திங்கட்கிழமை விசாரணையில் அவன் மட்டும் நிற்பான். அந்த யோசனையைத் துரத்திவிட்டுத்தான் எழுந்தாள், ஆனால் அது வந்து உட்கார்ந்துவிட்டுப் போன இடம் சுட்டது.

அவள் போனபோது அவன் தன் ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தான். ஜன்னலில் சாயங்கால வெயில். கருவிகள் எல்லாம் அணைந்திருந்தன. அவள் அங்கே வந்து ஆறேழு வருடம் இருக்கும், அவன் ஆச்சரியப்படக்கூட இல்லை.

"மத்தியானம் இயக்குநர் கூப்பிட்டாரு," என்றான். "என் வளைகோடு திருட்டுன்னு யாரோ புகார் குடுத்திருக்காங்களாம். யாருன்னு சொல்லல. திங்கட்கிழமை விசாரணை."

அவள் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், சொல்ல எளிதானதைச் சொன்னாள். "பெட்டியில இருக்கிற மெல்லிசுத் தகடு அடிபட்டிருக்கு. பள்ளம் அதோடது. வெறும் குழாய வச்சாலும் வருது. என்னோடதும் பொய், உன்னோடதும் பொய்."

அவன் அவளையே பார்த்தான். முகம் மெதுவாக மாறியது. சந்தோஷப்படுகிறானா, அழப்போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப நீ எடுக்கலையா?"

"என்னது?"

"உன் கட்டுரை போன மாசம் மதிப்பாய்வுக்கு எனக்குத்தான் வந்துச்சு. பேரில்லன்னா உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பள்ளத்தப் பாத்தேன். என்னோடதேதான். சாப்பாட்டு மேஜைல நான் ஒரு நாள் காகிதத்த விட்டுட்டுப் போனேன், நீ எடுத்துட்டேன்னு நினைச்சேன்."

"நினைச்சு?"

"நினைச்சு என்ன. 'அப்படியே வெளியிடலாம்'னு எழுதி அனுப்பிட்டேன். போகட்டும், உனக்குத்தானே போகுதுன்னு. என் கட்டுரையத் திரும்ப வாங்கிக்கலாம்னு மூணு தடவ கடிதம் எழுதி அழிச்சேன். கூட வேலை செஞ்சவங்களுக்கு என்ன பதில் சொல்றது? அதான் தங்கச்சிகிட்டயும் போய் உளறினேன். இன்னைக்கு இயக்குநர் கேட்டப்ப உன் பேரச் சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். வாய் வரல."

அவளுக்கு மூக்கின் நுனிவரை கோபம் வந்தது. "என்னைத் திருடின்னு நினைச்சீங்களா? ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"நீ கேட்டியா?" என்றான் அவன், சாதாரணமாக. புகார் விஷயம் தெரிந்து கேட்டானோ, தெரியாமல் கேட்டானோ, அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் அங்கேயே உடைந்துவிட்டாள்.

"புகார் குடுத்தது நான்தான்," என்றாள்.

அவன் மேஜைமேல் கிடந்த ஒரு திருகை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"நான் உன்னைத் திருடின்னு நினைச்சு வாய மூடிக்கிட்டேன். நீ என்னைத் திருடன்னு நினைச்சு ஊருக்கே சொல்லிட்ட."

"திங்கட்கிழமை நான் வந்து எல்லாத்தையும் சொல்றேன்," என்றாள்.

"நீ வந்தா, பொண்டாட்டி புருஷனக் காப்பாத்த வந்திருக்கான்னு சொல்லுவாங்க. உன் பேச்சு எடுபடாது."

அது உண்மை. மனைவி என்பதை மறைத்துப் புகார் கொடுத்தவள், மனைவியாக வந்து சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்? வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். நம்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, தனக்கே நஷ்டமாகிற உண்மை. அவள் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் கணினியிலேயே உட்கார்ந்தாள். ஏற்கப்பட்ட என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், இந்தக் கண்டுபிடிப்பு தவறு, காரணம் பழுதான தகடு, வெறும் குழாயை வைத்து யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம், இதே தகட்டால் இதே பிழைக்கு ஆளான இன்னொருவரைத் திருடன் என்று புகார் செய்ததும் நான்தான், அவர் என் கணவர். மதிப்பாய்வை விதிப்படி திருப்பி அனுப்பாததையும் எழுதினாள். இரண்டு பத்திரிகைகளுக்கும், அவனுடைய இயக்குநருக்கும், தன்னுடைய இயக்குநருக்கும் அனுப்பினாள். இரண்டு வருட உழைப்பும், இத்தனை நாள் சேர்த்த பேரும் ஒரு சின்ன ஓசையோடு கிளம்பிப் போயின.

அவன் பின்னால் நின்று முழுவதையும் படித்தான். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தச் சொல்லவில்லை.

விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்கினார்கள். பாதிப் படியில் அவள் நின்றுவிட்டாள்.

"என்னை மன்னிப்பியா?"

"நீ செய்யாத திருட்ட ஒரு மாசம் முன்னாடியே மன்னிச்சிட்டேன்," என்றான் அவன். "செஞ்சதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

அவன் முன்னால் இறங்கினான். அவள் இரண்டு படி விட்டு, பின்னால் இறங்கினாள்.